டவர் நாலு கோடும் இருக்கு, ஆனா போன் போகலையே!



எந்த சிம் நல்லது என்று கேட்டால் நாம் முதலில் விலையைத்தான் பார்க்கிறோம். நானும் அப்படித்தான். எது மலிவு என்று பார்த்து, வீட்டில் எல்லாருக்கும் ஒரே கம்பெனி சிம் போட்டது நான்தான்.

என் மகளுக்கு ஒரகடத்தில் வேலை. இரண்டாம் ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் வாலாஜாபாத் வருவாள். பஸ் ஏறியதும் "கிளம்பிட்டேன்மா" என்று போன் வந்துவிடும். ஒரு நாள் வரவில்லை. நாங்கள் கூப்பிட்டால் "தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்" என்ற குரல்தான். அவரும் நானும் வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்தோம். பன்னிரண்டே முக்காலுக்கு ஏதோ ஒரு நம்பரிலிருந்து அழைப்பு. "அம்மா, பஸ் நின்னுபோச்சு. எனக்கு டவரே இல்ல. பக்கத்து சீட் அக்கா போன்ல பேசறேன்."

அந்த அக்காவிடம் இருந்தது வேறு கம்பெனி சிம். அவ்வளவுதான் வித்தியாசம்.

இத்தனைக்கும் நம்முடையது செல்போன் செய்கிற ஊர். 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செய்தார்கள். இன்று சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் செய்கிறார்கள். இங்கேயே போன் எடுக்கவில்லை என்றால் யாரிடம் சொல்வது?

காரணம் இருக்கிறது. தகரமும் இரும்புமாகக் கட்டிய ஷெட்டுக்குள் அலை நுழைவது கஷ்டம். ஷிப்ட் விடும்போது ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் போனை எடுக்கிறார்கள். பெல் அடித்ததும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்க முண்டும் பிள்ளைகள் மாதிரிதான். கோடு காட்டுவது சிக்னலின் பலத்தை மட்டுமே, டவரில் இடம் காலியா என்பதை அல்ல.

ஆகவே "நம்பர் ஒன்" விளம்பரத்தை நம்பாதீர்கள். நீங்கள் போகும் வழியில், போகும் நேரத்தில் எது எடுக்கிறது என்று பாருங்கள். டிராய் அமைப்பின் 2024 விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் கவரேஜ் வரைபடம் போட வேண்டும். அதைப் பார்க்கலாம். ஆனால் தினமும் அந்த ரோட்டில் ஓட்டும் பஸ் டிரைவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்னொன்று, வீட்டில் எல்லாரும் ஒரே கம்பெனியில் இருக்காதீர்கள். 2018 பிப்ரவரியில் ஏர்செல் டவர்கள் அடங்கியபோது தமிழ்நாடு முழுக்க ஜனங்கள் தவித்தது நினைவிருக்கும். பயணம் போகிறவரின் போனில் இரண்டு சிம் போட இடம் இருந்தால், இரண்டும் வேறு வேறு கம்பெனியாக இருக்கட்டும். செலவு என்பீர்கள். நியாயம்தான். டேட்டா இல்லாமல், பேசவும் எஸ்.எம்.எஸ். அனுப்பவும் மட்டும் தனி பேக் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. கடையில் அதைக் கேட்டு வாங்குங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

நம்பர் போய்விடுமே என்ற பயம் வேண்டாம். 2011 ஜனவரியிலிருந்தே நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றலாம். PORT என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு உங்கள் நம்பரைச் சேர்த்து 1900க்கு அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அதோடு புது கம்பெனி கடைக்குப் போனால் போதும். இப்போதைய கம்பெனியில் 90 நாளாவது இருந்திருக்க வேண்டும்.

மகள் போனில் இப்போது இரண்டு சிம். மாதம் கொஞ்சம் கூடுதல் செலவுதான். அந்த ஒரு ராத்திரியை நினைத்தால் அது பெரிதாகத் தெரியவில்லை.

உங்கள் பிள்ளைகள் எந்த ரோட்டில், எந்த ஷிப்டில் போகிறார்கள்? அங்கே எது எடுக்கிறது? எழுதுங்கள், நாலு பேருக்கு உதவும்.