கதவைத் திறப்பது புள்ளியா, ஓட்டா?

சங்க நண்பர்கள் வீடுகளில் சனி, ஞாயிறு இரவென்றால் இங்கிலாந்துக் கால்பந்துதான். மான்செஸ்டர், லிவர்பூல், ஆர்சனல் என்ற பெயர்கள் நம் பிள்ளைகளின் நாவில் தண்ணீர் பட்ட பாடாக இருக்கின்றன. பட்டியலின் உச்சியில் யார் என்பதுதான் எல்லோருக்கும் பேச்சு. எனக்கோ பட்டியலின் அடிமட்டத்தின் மேல்தான் கண். அதிலும் பிரிமியர் லீகுக்குக் கீழே மேலும் மூன்று படி இறங்கினால் வரும் நான்காவது பிரிவின் கடைசி இடத்தைப் பற்றி வாசகர்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

அங்கே நான்கு பிரிவுகளிலும் சேர்த்து 92 கிளப்புகள். அதற்கு வெளியே இருப்பவர்களை 'நான்-லீக்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள். நம் பாஷையில் சொன்னால், பந்தியில் இலை போடப்படாதவர்கள். இலை யாருக்கு, எழுந்திருக்க வேண்டியவர் யார் என்பதை எப்படித் தீர்மானிப்பது? ஒரு நூற்றாண்டுக் காலம் அந்த நாடு இதற்குச் சொன்ன பதில் அத்தனை அழகானதாக இல்லை.

1888-ல் 12 கிளப்புகள் சேர்ந்து தொடங்கியது ஃபுட்பால் லீக். உள்ளே இருக்கும் பிரிவுகளுக்கிடையே ஏறுவதும் இறங்குவதும் புள்ளிக் கணக்கில் ஒழுங்காக நடந்தன. வெளி வாசலில் மட்டும் வேறு நியாயம். நான்காவது பிரிவில் கடைசியாக வந்த நான்கு கிளப்புகள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மறுதேர்வு கேட்டு நிற்க வேண்டும். வெளியிலிருந்து வர விரும்பும் கிளப்புகளும் அதே கூட்டத்தில் கைகூப்பி நிற்கும். உள்ளே இருக்கும் கிளப்புகளின் பிரதிநிதிகள் ஓட்டுப் போடுவார்கள். பழகியவனை வெளியே தள்ளிவிட்டு முகம் தெரியாதவனை உள்ளே விட எத்தனை பேருக்கு மனம் வரும்? நம் சங்கத்துச் செயற்குழுத் தேர்தல்களைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஹார்ட்டில்பூல் என்ற கிளப் 14 முறை இப்படி மறுதேர்வுக்கு நின்றது. 14 முறையும் பிழைத்துக்கொண்டது.

1978-ல் நடந்ததைக் கேளுங்கள். அந்த ஆண்டு கடைசி இடம் ராச்டேலுக்கு. அதற்கு மேல் இடம் சவுத்போர்ட்டுக்கு. கடைசியாக வந்த ராச்டேல் தப்பியது. சவுத்போர்ட்டும் வெளியிலிருந்து வந்த விகன் அதலெடிக்கும் தலா 26 ஓட்டு வாங்கிச் சமமாக நின்றன. மறுபடி ஓட்டெடுத்ததில் விகனுக்கு 29, சவுத்போர்ட்டுக்கு 20. சவுத்போர்ட் வெளியேறியது. இன்றுவரை திரும்பவில்லை.

அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, நான்-லீகின் புதிய மேல்பிரிவில் முதல் சாம்பியனான ஆல்ட்ரிங்கம் அணி மனுப் போட்டது. ராச்டேல் மறுபடியும் கடைசி இடத்தில். ராச்டேலுக்கு 26 ஓட்டு, ஆல்ட்ரிங்கத்துக்கு 25. ஒரே ஒரு ஓட்டில் போயிற்று. அடுத்த ஆண்டும் ஆல்ட்ரிங்கமே சாம்பியன், அப்போதும் இடமில்லை. அந்த அணி இதுநாள்வரை லீகுக்குள் காலடி வைக்கவில்லை.

ஓட்டு முறைக்கு வக்காலத்து வாங்குபவர்கள், விம்பிள்டனைப் பாருங்கள், விகனைப் பாருங்கள் என்பார்கள். 1977-ல் ஓட்டால் உள்ளே வந்த விம்பிள்டன் 1988-ல் எஃப்.ஏ. கோப்பையையே வென்றது. விகன் 2013-ல் வென்றது. உண்மைதான். ஆனால் இந்த உதாரணம் எந்தக் கட்சிக்குச் சாதகம்? வாசலுக்கு வெளியே அத்தனை திறமை காத்துக் கிடந்தது என்பதற்கல்லவா அது சாட்சி!

1987-ல்தான் புத்தி வந்தது. நான்காவது பிரிவின் கடைசி அணி இறங்கும், வெளியிலுள்ள சாம்பியன் ஏறும், ஓட்டு கிடையாது என்று விதி செய்தார்கள். அந்த முதல் ஆண்டின் கடைசி நாளை அங்குள்ள ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை. பர்ன்லி கடைசி இடத்தில் இருந்தது. 1888-ல் லீகைத் தொடங்கிய 12 கிளப்புகளில் ஒன்று. இரண்டு முறை இங்கிலாந்தின் சாம்பியன். அதற்கே இந்தக் கதி! அன்று 2-1 என்று ஜெயித்துத் தப்பியது. டார்க்கீ அணி தன் மைதானத்தில் தோற்றுக்கொண்டிருந்த நேரத்தில் போலீஸ் நாய் ஒன்று அதன் ஆட்டக்காரரைக் கடித்துவிட, சிகிச்சைக்காக நின்றுபோன நிமிடங்களைக் கடைசியில் கூட்டிக் கொடுத்தார்கள். அந்த நிமிடங்களில்தான் டார்க்கீ சமன் செய்யும் கோலைப் போட்டது. காலையில் எழுந்தபோது கடைசி இடத்தில் இல்லாத லிங்கன் சிட்டி, மாலையில் லீகுக்கு வெளியே நின்றது. ஸ்கார்பரோ அதன் இடத்துக்கு வந்தது.

நாய் கடித்ததால் ஒரு கிளப்பின் தலைவிதி மாறலாமா என்று கேட்கலாம். மாறலாம் என்பேன். ஓட்டுப் போடும் கனவான்களைவிட அந்த நாய் பாரபட்சமில்லாதது. முக்கியமான செய்தி இனிமேல்தான்: லிங்கன் அடுத்த ஆண்டே, 1988-லேயே, சாம்பியனாகித் திரும்பிவிட்டது. விழுந்தவனுக்கு எழுந்து வர வழி தெரிந்திருந்தது; எத்தனை புள்ளி எடுக்க வேண்டும் என்ற கணக்கும் கையில் இருந்தது. 1972-ல் ஓட்டால் வெளியேற்றப்பட்ட பாரோ கிளப்புக்கோ திரும்ப 48 ஆண்டு பிடித்தது, 2020-ல்தான் வந்து சேர்ந்தது. அக்ரிங்டன் ஸ்டான்லி 1962-ல் பணமில்லாமல் லீகிலிருந்து விலகியது. காலியான இடத்துக்கு ஆக்ஸ்ஃபோர்ட் யுனைடெட் வந்தது. புதிதாக உயிர்பெற்ற அக்ரிங்டன் 2006-ல் லீகுக்குள் ஏறிய அதே ஆண்டு, இறங்கிய அணிகளில் ஒன்று ஆக்ஸ்ஃபோர்ட்! கதை எழுதுகிறவன் இப்படி எழுதினால் நம்பமாட்டோம்.

விதி வந்த பிறகும் கதவை ஒருக்களித்து வைக்கத்தான் பார்த்தார்கள். 1994-ல் கிடர்மின்ஸ்டர், 1995-ல் மேக்கிள்ஸ்ஃபீல்ட், 1996-ல் ஸ்டீவனேஜ் என்று வரிசையாக மூன்று சாம்பியன்களுக்கு, மைதானம் தகுதி பெறவில்லை என்று அனுமதி மறுக்கப்பட்டது. ஸ்டீவனேஜ் உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. பார்வையாளர் பாதுகாப்பில் சமரசம் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை; 1985-ல் பிராட்ஃபோர்ட் மைதானத் தீயையும் 1989-ல் ஹில்ஸ்பரோ நெரிசலையும் கண்ட நாடு அது. ஆனால் அந்த மூன்று ஆண்டுகளிலும் ஆதாயம் யாருக்கு? கடைசியாக வந்தும் இறங்காமல் தப்பிய நார்த்தாம்ப்டன், எக்ஸிட்டர், டார்க்கீ ஆகிய உள்வீட்டுக்காரர்களுக்கு.

2003 முதல் ஏறுவது இரண்டு அணிகள் என்றாயிற்று. அதுவும் போதவில்லை. 2022-23 பருவத்தில் ரெக்ஸம் 111 புள்ளி எடுத்து நேரே ஏறியது. நாட்ஸ் கவுண்டி 46 ஆட்டங்களில் 107 புள்ளி எடுத்தும் இரண்டாம் இடம். பிளே-ஆஃப் ஆட்டங்களிலும் ஜெயித்துத்தான் ஏற வேண்டியிருந்தது, இறுதி ஆட்டம் பெனால்டி வரை போயிற்று. மேல் பிரிவுகளுக்கிடையே மூன்று, நான்கு அணிகள் இறங்குகின்றன, எங்கள் வாசலில் மட்டும் ஏன் இரண்டு என்று கேட்டு, 2025-ல் வெளிக் கிளப்புகள் 72-ம் சேர்ந்து கடிதம் எழுதின. நியாயமான கேள்வி.

இதெல்லாம் ஏழு கடல் தாண்டி நடப்பது, கொல்கத்தாவில் இருக்கும் நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். நம் மைதானத்திலேயே ஒரு காலத்தில் முதல் டிவிஷனில் இந்திய அணிகள் இரண்டுக்கு மேல் கூடாது என்று வெள்ளைக்காரன் விதி வைத்திருந்தான். அந்த விதி தளர்ந்த பிறகுதான் 1925-ல் ஈஸ்ட் பெங்கால் முதல் டிவிஷனுக்குள் வர முடிந்தது.

இப்போது நம்மவர்களே விதி செய்கிறார்கள். 2014-ல் தொடங்கிய ஐ.எஸ்.எல். போட்டியில் ஆரம்பத்தில் ஏறுவதும் இருக்கவில்லை, இறங்குவதும் இருக்கவில்லை. பணம் போட்டவர்களுக்கு நிரந்தர நாற்காலி. 2018-19-ல் சென்னை சிட்டி அணி, கோயம்புத்தூரைத் தன் ஊராகக் கொண்டு ஆடி, ஐ-லீக் பட்டம் வென்றது. சென்னை சிட்டி 43 புள்ளி, இரண்டாவது வந்த ஈஸ்ட் பெங்கால் 42. (சென்னை சிட்டியும் ஐ-லீகுக்குள் நேரடி நுழைவில் வந்த அணிதான், நம்ம ஊர் என்பதற்காக மறைப்பானேன்.) அந்தக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு மேலே போகப் படியே இல்லை. அடுத்த ஆண்டு, 2020-ல், மோகன் பகான் ஏ.டி.கே.யோடு சேர்ந்தும், ஈஸ்ட் பெங்கால் முதலீட்டாளர் ஒருவரைப் பிடித்தும் ஐ.எஸ்.எல். உள்ளே போயின.

இறங்கும் பயம் இருந்தால் யார் பணம் போடுவார்கள் என்பது அமைப்பாளர்களின் வாதம். இறங்கினால் வரும்படி குறையும், ஆட்டக்காரர் முதல் டிக்கெட் கொடுப்பவர் வரை பலர் வேலை போகும் என்பது மெய்தான். ஆனால் ரெக்ஸமை ஹாலிவுட் நடிகர்கள் இருவர் 2021-ல் வாங்கியபோது அது ஐந்தாம் படியில் கிடந்தது. மேலே போக வழி இருந்ததால்தானே அந்தப் பணம் அவ்வளவு கீழே வந்தது? 2023, 2024, 2025 என்று வரிசையாக மூன்று படி ஏறி இரண்டாம் பிரிவுக்கே வந்துவிட்டது.

இங்கேயும் 2023-ல் ஒருவழியாகப் படி வைத்தார்கள். அந்த ஆண்டு பஞ்சாப் எஃப்.சி.யும், 2024-ல் நம் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் ஐ-லீகில் வென்று ஏறின. இறங்குவதற்கு மட்டும் படி வைக்கவில்லை. 2014 முதல் 2024-25 வரை பதினோரு பருவங்களில் கடைசியாக வந்ததற்காக ஓர் அணிகூடக் கீழே போகவில்லை. அந்தப் பதினோராவது பருவத்தில் கடைசியாக வந்தது முகமதன்தான். நம்ம ஊர் அணி தப்பியதே என்று மகிழ எனக்கு மனம் வரவில்லை.