தீவக இணையச் சந்தை: தளம் தயார், காசு எப்போது கைக்கு வரும்?

தீவகத்து உற்பத்திகளை ஒரே இணையத்தளத்தில் விற்க முடியாதா என்று புலம்பெயர்ந்த நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நெடுந்தீவுப் பனாட்டு, அனலைதீவுக் கருவாடு, புங்குடுதீவுப் புழுக்கொடியல்: விற்பவர்கள் பலர், கடை ஒன்று. முடியும். 'வூகொமர்ஸ்' மென்பொருள் இலவசம். 'டொக்கான்' என்ற இணைப்பு மென்பொருளையும் சேர்த்தால் ஒவ்வொருவருக்கும் தனிக்கடை திறந்துவிடலாம். தளம் அமைப்பதுதான் இதில் சுலபமான வேலை.

சிக்கல் கடலில் தொடங்குகிறது. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் தரைவழி உண்டு. நெடுந்தீவு, நயினாதீவுப் படகுகள் குறிகட்டுவானுக்கு வருகின்றன. எழுவைதீவுப் படகு ஊர்காவற்றுறைக்குப் போகிறது. ஒருவர் மூன்று தீவுகளில் மூன்று பொருட்களை வாங்கினால் மென்பொருள் அதை மூன்று பொதிகளாகப் பார்த்து, மூன்று அனுப்புகூலி போடும். பனாட்டின் விலையை விடக் கூலி கூடிவிடும். ஆகவே பொருட்களைச் சேர்த்து ஒரே பொதியாகக் கட்ட, தரைவழி உள்ள ஓரிடத்தில் களஞ்சியமும் ஆளும் வேண்டும். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களால் இதைச் செய்ய முடியும் என்பது என் எண்ணம்.

அதைவிடப் பெரிய கேள்வி காசு. பொருள் வாங்கியவர் கையில் சேர்ந்த பிறகே இத்தகைய தளங்கள் விற்றவருக்குப் பணத்தை விடுவிக்கும். கொழும்பு வியாபாரிக்கு இரண்டு கிழமை தாமதம் ஒரு கணக்கு வரி மட்டும்தான். கணவனைப் போரில் இழந்து, நுண்கடன் எடுத்துக் கிழங்கு அவித்துக் காயவைக்கும் பெண்ணுக்கு அப்படியல்ல. கடன்காரர் கிழமைக்கொரு தடவை படலைக்கு வருவார். அவர் வருமுன் காசு வராவிட்டால், வழமையான தரகர் சொல்லும் அடிமாட்டு விலைக்கே அவள் கொடுத்துவிடுவாள். தரகர் கையில் காசு வைக்கிறார். அவரை வெல்லத் தளமும் கையில் காசு வைக்க வேண்டும்.

அதற்குச் சுழல்நிதி தேவை. படகில் பொருள் ஏறியதும் விற்றவருக்குப் பணம், பின்னர் வாங்கியவரிடமிருந்து அறவீடு. 1990, 91 இடப்பெயர்வுகளுக்குப் பின் தீவக மக்களில் பெருந்தொகையானோர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். அவர்களின் ஊர்ச்சங்கங்கள் கோபுரமும் மண்டபமும் கட்டுகின்றன. (சுழல்நிதிக்கு நாடா வெட்ட முடியாது என்பது உண்மைதான்.) ஆனால் அந்த நிதியைத் தரக்கூடியவர்களும், யாழ்ப்பாணத்து உறவினருக்கு அனுப்பச் சொல்லி முதலில் வாங்கக்கூடியவர்களும் அவர்களே.

இன்னொன்றையும் முன்கூட்டியே எழுத்தில் வைக்க வேண்டும். சோளகக் காற்றில் படகு நின்று பொருள் பழுதானால் அந்த இழப்பு யாருக்கு, தளத்துக்கா, விற்றவளுக்கா? இதற்குப் பதில் இல்லாமல் ஒரு விற்பனையாளரைக்கூடப் பதிவு செய்யக்கூடாது.