பேனாவுக்கும் மூச்சு வேண்டும்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி மகள் தன் மைப்பேனாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். "பெரியப்பா, மை நிறைய இருக்கு. ஆனா எழுத மாட்டேங்குது" என்றாள். வழியெல்லாம் உதறிக்கொண்டே வந்திருக்கிறாள். வாசற்படியிலிருந்து என் நாற்காலி வரை தரையில் நீலப் பொட்டுகள்.

"எழுதவே இல்லையா, கொஞ்சம் எழுதிட்டு நிக்குதா, இல்ல மை கக்குதா?" என்று கேட்டேன். மைப்பேனாவின் மைக் கோளாறுகள் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். எது என்று தெரியாமல் கை வைத்தால் நல்ல பேனாவும் கெட்டுப்போகும்.

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுதிக் காட்டச் சொன்னேன். முதல் வரி அழகாக வந்தது. இரண்டாவது வெளிறியது. மூன்றாவது வரியின் பாதியில் நிப்பு கீறிய தடம் மட்டும்தான் இருந்தது. நிப்பு மேலே பார்க்கும்படி பேனாவைப் பிடித்து, கழுத்தை அரைச் சுற்றுத் தளர்த்தி, திரும்ப முடுக்கிக் கொடுத்தேன். மறுபடி இரண்டரை வரி ஓடி, அதே மாதிரி நின்றது. கோளாறு பிடிபட்டுவிட்டது. பேனாவில் மைக்குக் குறையில்லை, மூச்சுதான் அடைத்திருந்தது.

எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டு ஊற்றிப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கொஞ்சம் ஒழுகிவிட்டு நின்றுவிடும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் காற்று உள்ளே போய் எண்ணெய் சீராக இறங்கும். பேனாவிலும் அப்படித்தான். ஒரு துளி மை வெளியே வந்தால் அந்த இடத்துக்கு அதே அளவு காற்று உள்ளே போயாக வேண்டும். போகாவிட்டால் உள்ளே அழுத்தம் குறைந்து, மீதி மை இறங்காமல் நின்றுவிடும். நான் கழுத்தைத் தளர்த்தியபோது காற்று குறுக்கு வழியில் உள்ளே புகுந்தது. அதனால்தான் பேனா மறுபடி எழுதியது.

டின்னுக்கு இரண்டு ஓட்டை போடலாம். பேனாவில் மை வருவதற்கும் காற்று போவதற்கும் இருப்பது ஒரே வாசல், நிப்புக்கு அடியில் ஒட்டியிருக்கும் நாக்கு. நியூயார்க்கில் இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருந்த லூயிஸ் வாட்டர்மேன் 1884-இல் காப்புரிமை வாங்கியது இந்த நாக்குக்குத்தான். அதுவரை பேனாக்கள் ஒன்று எழுதாமல் நிற்கும், அல்லது மொத்தமாகக் கொட்டும். அவர் நாக்கில் ஒரு வாய்க்கால் வெட்டி, அதன் அடியில் மெல்லிய கீறல்களைப் போட்டார். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல மெல்லிய கீறல்கள் மையை இழுத்துவரும், அகலமான வாய்க்காலில் காற்று ஏறும். நூற்று நாற்பது வருடங்களாகியும் மைப்பேனாவின் உயிர் இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது. கீறலில் மை காய்ந்து படிந்தால் மை வருவது நிற்கும், வாய்க்காலில் படிந்தால் காற்று ஏறுவது நிற்கும்.

ஆக, வைத்தியம் தண்ணீர்தான். மீதி மையைக் கொட்டிவிட்டு, கழுத்தைக் கழற்றி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்தினோம். நிப்பிலிருந்து ஒரு நீல நூல் இறங்கி அடியில் போய்ச் சுருண்டது. தண்ணீரை மாற்றினோம், மறுபடி நீலம். மூன்றாவது டம்ளரில் வந்த நிறம் வேறு, கறுப்பு. நிமிர்ந்து பார்த்தேன். "பரீட்சையில மை தீந்துபோச்சு. பக்கத்துல இருந்தவ நாலு சொட்டு குடுத்தா" என்றாள்.

கொடுத்த பிள்ளை நல்ல பிள்ளை. ஆனால் இரண்டு மைகளைக் கலக்கக் கூடாது. ஒன்று அமிலத்தன்மையோடும் இன்னொன்று காரத்தன்மையோடும் இருக்கலாம். சேர்ந்தால் சாயம் திரிந்து வண்டலாக இறங்கும், அது போய் உட்காரும் இடம் நாக்குதான். மை மாற்றும்போது பேனாவை ஒருமுறை கழுவிவிட்டால் போதும். படம் வரையும் இண்டியன் இங்க்கை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஊற்றாதீர்கள். அதிலுள்ள அரக்கு போன்ற பசை காய்ந்தால் தண்ணீருக்குக் கரையாது.

மை ஊற்றும் ஃபில்லரால் கழுத்தின் பின்பக்கமிருந்து தண்ணீரைச் செலுத்தினோம். பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டுச் சேர்த்து ஒருமுறை, பிறகு வெறும் தண்ணீரில் பலமுறை. வெந்நீர் வேண்டாம். எபோனைட் என்னும் கெட்டி ரப்பரின் நிறம் மங்கிவிடும், பிளாஸ்டிக் கோணிக்கொள்ளும். ஸ்பிரிட்டும் வேண்டாம். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு என்பதால் கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர். புதுப் பேனாவையும் இப்படிக் கழுவிவிட்டே மை ஊற்றுங்கள். தயாரிப்பில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு மையை அண்டவிடாது. எபோனைட் நாக்கை இன்றும் பலர் தேடி வாங்குவது, வழவழப்பான பிளாஸ்டிக்கைவிட மை அதில் நன்றாகப் படர்வதால்தான்.

பேனா எழுதவே இல்லையென்றால் முதலில் நிப்பு நுனியை ஒரு நொடி தண்ணீரில் தொட்டு எடுங்கள். பெரும்பாலும் நுனியில் மை காய்ந்திருக்கும், அவ்வளவுதான். அதற்கும் மசியாவிட்டால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நிப்பின் பிளவு நிப்பிலுள்ள சிறு துளையருகே மயிரிழை அகலமாகத் தொடங்கி, நுனிக்கு வரும்போது ஒட்டியும் ஒட்டாமலும் முடிய வேண்டும். இறுகியிருந்தால் மை இறங்காது. அகன்றிருந்தாலும் இறங்காது, இரு பக்கமும் விலகிய இடத்தில் மையை இழுக்கும் பிடிப்பு அறுந்துபோகும். பால்பாயின்ட் பேனாவைப் போல அழுத்தி எழுதுகிறவர்களின் நிப்பு இப்படித்தான் அகன்றுபோகிறது. நாம் எல்லோரும் பள்ளியில் பழகிய பிளேடு வைத்தியத்தை இங்கே கெஞ்சிக் கேட்டுத் தடுக்கிறேன். பிளேடு அந்தப் பிளவுக்குத் தடிமன், அதன் விளிம்பு நிப்பின் உட்பக்கத்தைச் சுரண்டிவிடும். நிப்பு வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பக்கத்தின் அடிப்பகுதியில் மட்டும் எழுத்து விட்டுவிட்டு வந்தால் பேனா மேல் குற்றமில்லை. உள்ளங்கை வியர்வையும் எண்ணெயும் தாளில் ஒட்டியிருக்கும். கைக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் வைத்துக்கொள்ளுங்கள்.

கக்குகிற பேனாவுக்கும் காரணம் காற்றுதான். மை பாதிக்குக் கீழே குறைந்ததும் உள்ளே காற்று அதிகமாகிறது. கைச்சூட்டில் அது விரிந்து மையை நெட்டித் தள்ளுகிறது. முக்கால்வாசி பேருக்கு இதற்கு மருந்து மை நிரப்புவது ஒன்றே. மரையில் கசிந்தால் கொஞ்சம் சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். பையில் நிப்பு மேலே பார்க்கும்படி வையுங்கள்.

மத்தியானம் தண்ணீர் தெளிந்தது. கழுத்தை ஒரு பழைய துணியில் நிறுத்திவைத்தோம், துணி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டது. சாயங்காலம் ஒரே மை, புது மை ஊற்றினாள். முதல் வரி, இரண்டாவது, மூன்றாவது. நாலாவது வரிக்கு நிப்பு இறங்கியபோது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அதுவும் வந்தது. பக்கம் முழுக்க வந்தது.

புதன்கிழமை ராத்திரி தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுப் பையன் ஒரு பேனாவை ஓங்கி உதறப் போனான். இவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இரு, இரு. எழுதவே இல்லையா, எழுதிட்டு நிக்குதா, கக்குதா?"