ஒலி இழந்த பெட்டி

ஆரணியில், பட்டு நெய்வார் இல்லம் ஒன்றில் அண்மையில் யான் கண்டது இது. தொலைக்காட்சியோடு இணைத்த மீடியா பிளேயரில் படம் தெளிவாய் ஓடிற்று. ஒலி மட்டும் இல்லை. பழுதுபார்ப்பவர் ஒருவர், "இனி இது பயன்படாது; புதிது வாங்குங்கள்" என்று சொல்லிச் சென்றார். வீட்டாரும் கடன்பட்டேனும் வாங்கத் துணிந்தனர்.

பாவில் ஓர் இழை அறுந்தால் பாவு முழுவதையும் அவர்கள் எறிந்துவிடுவரோ? அறுந்த இடத்தைத் தேடி முடிச்சிடுவர். ஒலிக்கும் அம்முறையே ஏற்றது. முதற்கண் ஒலியடக்கும் பொத்தானை நோக்குக. அடுத்து வேறொரு படத்தை ஓட்டுக. அதில் ஒலி வருமாயின் ஒலிபெருக்கி பழுதன்று. எச்.டி.எம்.ஐ. வடம் படத்தையும் ஒலியையும் ஒருங்கே சுமப்பது. ஆதலின் படம் மட்டும் வருமாயின் வடத்தைவிட அமைப்பையே முதலில் ஐயுறல் வேண்டும். டி.டி.எஸ். போன்ற முறைகளில் சுருக்கிப் பொதிந்த ஒலியைச் சில தொலைக்காட்சிகள் விரிக்கமாட்டா. பிளேயரே அதனை விரித்து அனுப்புமாறு, ஒலி வெளியீட்டைப் பி.சி.எம். என மாற்றுதல் வேண்டும். அவ்வில்லத்தில் அங்ஙனம் மாற்றியதும் குரல் எழுந்தது, காசொன்றும் செலவாகவில்லை.

தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சி எதற்கு என வினவும் நண்பர்கள் உளர். பாடவேறுபாடு கண்டவிடத்து நாம் ஏட்டை எறிவதில்லை. பிழை புகுந்த இடத்தையே தேடுகின்றோம். ஐயுற்று ஆராய்ந்து தெளியும் அப்பயிற்சி, அயலான் ஒருவனைக் கடனினின்று காக்குமாயின், அதனைக் கல்வியன்று எனத் தள்ளுதல் நமக்குத் தகுமோ?