ஒரு மணி நேரம் யாருக்கு மிச்சம்?

சேலம் விமான நிலையத்துக்கும் சென்னை விமான நிலையத்துக்கும் ஆகாய மார்க்கத்தில் தூரம் ஏறத்தாழ 265 கிலோமீட்டர். பயண நேரம் ஒரு மணி. தரையிறங்கும் இடம்வரைதான் இந்தக் கணக்கு. பாப்பிரெட்டிப்பட்டித் தொழிலாளி அந்த விமானத்தைப் பிடிக்க மஞ்சவாடிக் கணவாய் வழியே சேலம் போய், அங்கிருந்து ஓமலூர் சாலையில் காமலாபுரம் போய்ச் சேர வேண்டும். அதற்கும் முன்னால் டிக்கெட்டுக்குப் பணம் வேண்டும்!

ரப்பர் செருப்புப் போட்டவரும் விமானம் ஏறலாம் என்று சொல்லி, 2017 ஏப்ரலில் பிரதமர் மோடி உடான் திட்டத்தின் முதல் விமானத்தை அனுப்பி வைத்தார். ஒரு மணி நேரப் பயணத்துக்கு ரூ.2,500 என்றார்கள். அதுவும் விமானத்தில் சுமார் பாதி இடங்களுக்கே. 2018-19-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நாட்கூலி ரூ.224. ஒரு மணி நேரம் பறக்கப் பதினோரு நாள் கூலி! இது ஏழைக்குப் போட்ட திட்டமா?

விமானக் கம்பெனிகளுக்கோ கவலையில்லை. பெரிய மார்க்கங்களில் ஓடும் விமானங்கள் மீது தீர்வை போட்டுத் திரட்டிய நிதியும், மாநில சர்க்காரின் பங்கும் சேர்த்து, மூன்று வருஷ காலம் அவர்களுக்கு நஷ்ட ஈடு கிடைக்கிறது. பலன் என்ன? தணிக்கை அதிகாரியின் 2023 அறிக்கை கூறுகிறது: ஒதுக்கிய 774 மார்க்கங்களில் 403-இல் விமானம் பறக்கவே இல்லை. பறந்த 371-இல் மூன்று வருஷம் தாக்குப்பிடித்தவை 112 மட்டுமே. சேலத்தின் கதையும் இதுதான். 1993-இல் நிலையம் திறந்தது, சேவை நிலைக்கவில்லை. 2009-இல் கிங்பிஷர் வந்தது, 2011-இல் போய்விட்டது. 2018 மார்ச்சில் உடான் விமானம் வந்தது, 2021-இல் நின்றது. 2023 அக்டோபரில் மீண்டும் ஆரம்பித்தார்கள்.

கம்பெனிகள் வரலாம், போகலாம். விவசாயியிடம் பிடுங்கிய நிலம் திரும்பி வருமா? நிலையத்தை விரிவாக்கக் காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி கிராமங்களில் சுமார் 570 ஏக்கர் கேட்டார்கள். 2018-இல் விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். அதே வருஷம், சென்னைக்கு நேரத்தை மிச்சப்படுத்துவதாகச் சொல்லி, 277 கிலோமீட்டர் எட்டுவழிச் சாலைக்கு நம் பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் வட்டாரங்களிலும் வயலிலும் தோப்பிலும் கல் நட்டார்கள். 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், புதிய அறிவிப்பு வெளியிட்டு எடுக்கலாம் என்று வழிவிட்டது. ஆகவே விழிப்பாக இருக்க வேண்டியது நாம்தான்.

நாம் விமானத்துக்கு விரோதிகளல்ல. விமானத்தைச் செய்ததும் தொழிலாளியின் கைதான். பொதுப் பணம் முதலில் எங்கே போக வேண்டும் என்பதே கேள்வி. மொரப்பூர்–தர்மபுரி ரயில் பாதையை யுத்த காலத்தில், 1941-இல், வெள்ளைக்காரன் சர்க்கார் மூடியது. மீண்டும் போட 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். ரயில் ஓடும் நாள் இன்னும் வரவில்லை. திருப்பூர் மில்லுக்கும் பெங்களூர் கட்டிட வேலைக்கும் போகிறவர்கள் பொதுப் பெட்டியில் நின்றுகொண்டே போகிறார்கள். அவர்களுடைய நேரத்துக்கு மதிப்பில்லையா?

மொரப்பூர்–தர்மபுரி பாதையை உடனே முடி! பொம்மிடியிலும் மொரப்பூரிலும் அதிக ரயில்களை நிறுத்து, பொதுப் பெட்டிகளைக் கூட்டு! சம்மதமின்றி ஒரு சென்ட் விளைநிலத்தையும் தொடாதே! இக்கோரிக்கைகளை ஒவ்வொரு கிராமத்திலும், ஒவ்வொரு மில் வாசலிலும் ஒலிக்கச் செய்வோம். மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் ஒன்றுபட்டு நின்றால் எந்த சர்க்காரும் செவிசாய்த்தே தீர வேண்டும்.