நாற்று எவர் நிலத்தது? விளைச்சல் எவருக்கு?

நாட்டுப்புறப் பிள்ளைகளிடம் திறமை உண்டென்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. அத்திறமை வளர்ந்தபின் அதன் பயனும் பெருமையும் எவரைச் சேரும் என்பதே வினா. அவுஸ்திரேலியாவின் றக்பி லீக் விளையாட்டு இவ்வினாவிற்கு அளித்த விடையை எம்மவர் அறிந்திருத்தல் நன்று.

அணிக்குப் பதின்மூவர் ஆடும் இவ்விளையாட்டு உழைப்பாளரின் விளையாட்டு. ஆடச் சென்றதால் கூலியிழந்த சுரங்க, ஆலைத் தொழிலாளருக்கு ஈடு வழங்கலாமா என்ற வழக்கிலேதான் 1895இல் வட இங்கிலாந்துக் கழகங்கள் தனியே பிரிந்து இதனைத் தோற்றுவித்தன. அவுஸ்திரேலியாவிலோ வேறோர் அநீதி முளைத்தது. குயின்ஸ்லாந்து மாநிலத்துச் சிற்றூர்கள் வீரரை வளர்த்தன. பணம் படைத்த சிட்னிக் கழகங்கள் அவர்களைக் கவர்ந்து சென்றன. எங்கே ஆடுகின்றானோ அம்மாநிலத்திற்கே வீரன் உரியவன் என்பது அன்றைய விதி. ஆகவே, குயின்ஸ்லாந்து பெற்ற பிள்ளைகளே குயின்ஸ்லாந்தைத் தோற்கடித்தனர்!

றோமா என்னும் சிற்றூரிற் பிறந்த ஆதர் பீற்சன் இதற்குச் சான்று. 1973இல் அவுஸ்திரேலிய அணிக்குத் தலைமை தாங்கிய முதற் பழங்குடி மகன் அவர். எனினும், மாநிலப் போட்டிகளில் அவர் ஆடியது நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திற்கே. 1980 யூலை 8ஆம் நாள், வீரர் தாம் ஆடத் தொடங்கிய மாநிலத்திற்கே ஆடும் புதுவிதியில் முதலாட்டம் நடைபெற்றது. முப்பத்தைந்து வயதில் முதன்முறையாகப் பிறந்த மண்ணின் அணியைத் தலைமை தாங்கிய பீற்சன், 20-10 என வெற்றி கண்டார்.

விதி மாறினும் வடக்கின் இளைஞர் ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் கடந்து பிரிஸ்பேன் சென்றே உயர்நிலை ஆட்டம் பயில வேண்டியிருந்தது. 1995இல் வடபகுதி நகரான ரவுன்ஸ்வில்லைத் தளமாகக் கொண்ட கழகமொன்று தேசியப் போட்டியிற் சேர்ந்தது. இருபது ஆண்டுகள் கிண்ணமின்றிக் காத்திருந்த அக்கழகம், 2015இல் பிரிஸ்பேன் அணியையே 17-16 என வென்று வாகை சூடியது.

எமது நிலை யாது? கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை படைத்த அனித்தா ஜெகதீஸ்வரன் தெல்லிப்பழை மகாஜனாவின் பழைய மாணவி. இத்தகையோர் வன்னியிலும் படுவான்கரையிலும் எத்தனைபேர் அறியப்படாமற் போகின்றனரோ! தேர்வாளர் கிராமங்களுக்கு வரட்டும். பயிற்சிக்களமும் பயிற்றுநரும் மாவட்டந்தோறும் அமையட்டும் என்று நாம் கோருகின்றோம். கோரிக்கையோடு நில்லாது, கற்றோர் தம் பழைய மாணவர் சங்கங்களின் நிதியில் ஒரு பங்கைச் சிறிய கிராமப் பாடசாலைகளுக்கு ஒதுக்க வேண்டும். பயிற்சிக்குச் செல்லும் பிள்ளையின் பேருந்துச் செலவையும், வயலில் அப்பிள்ளையின் கை குறைவதால் கமக்காரக் குடும்பம் படும் இழப்பையும் ஈடுசெய்ய வேண்டும். 1895இல் தொழிலாளர் கேட்ட நீதி இதுவே.

நாற்றிட்டவன் நிலத்திலேயே கதிரும் முற்றட்டும்.