தலைவர் பலர், நடத்துவோர் யார்?

மாத்தளையிலிருந்து ஏ9 வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் அலுவிகாரையைக் கடந்து பலாபத்வலையை அடைவர். அங்குள்ள தோட்டங்களும் கிராமங்களும் ஒன்றுகூடி ஒரு பொது விளையாட்டுச் சங்கம் நிறுவுமாயின், அதனை நாள்தோறும் நடத்தும் பொறுப்பு யாரிடம் இருத்தல் வேண்டும்? பழைய மாணவராகிய நாம் இவ்வினாவைச் சிந்தித்தல் தகும். இத்தகைய சங்கங்கள் தோன்றும்போது பதவிகளுக்கு முதலில் அழைக்கப்படுவோர் நாமே அன்றோ?

நம் சங்கங்களிற் போஷகர் உளர், தலைவர் உளர், உபதலைவர் பலர் உளர். மைதானத்துப் புல்லை வெட்டுவிக்கவும், போட்டி அட்டவணை வகுக்கவும், பந்து வாங்கிய பற்றுச்சீட்டைப் பேணவும் ஆளில்லை. கௌரவ காரியதரிசி ஒருவரே தம் தொழில் முடிந்த மாலைப் பொழுதில் அனைத்தையும் சுமக்கிறார். அவர் இடமாற்றம் பெற்றுச் சென்றால் சங்கமும் உறங்கிவிடுகிறது. ஆதலின், பகுதி நேரமாயினும், சம்பளம் பெறும் நிறைவேற்று அதிகாரி ஒருவர் வேண்டும் என்பது என் கருத்து.

பெரிய சங்கங்களும் இதனைத் தாமதித்தே உணர்ந்தன. 1928-இல் தோன்றிய இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபை, 2016-இலேதான் தனது முதலாவது பிரதம நிறைவேற்று அதிகாரியை நியமித்தது. அவ்வாண்டு சனவரியில் வெளிவந்த நீதியரசர் லோதா குழுவின் அறிக்கை, கொள்கை வகுப்போர் வேறு, அன்றாடக் கருமம் ஆற்றுவோர் வேறு என வலியுறுத்தியது. நியமனம் பெற்ற ராகுல் ஜோரி, தொலைக்காட்சி வணிகத்திலிருந்து வந்தவர். இலங்கைக் கிரிக்கெட் நிறுவனத்தில் அப்பதவியை நெடுங்காலம் வகித்த ஆஷ்லி டி சில்வாவோ டெஸ்ட் பந்தயங்களில் விக்கெட் காத்தவர். ஆயினும், அரசின் தலையீடு காரணமாக 2023 நவம்பரில் சர்வதேச கிரிக்கெட் பேரவை இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. 2024 சனவரியிலேயே அத்தடை நீங்கிற்று. மேலிடத்துப் பிணக்கை ஓர் அதிகாரியின் திறமை தீர்த்துவிடாது. ஆளைத் தேடுமுன் அதிகார எல்லைகளை வகுத்தல் வேண்டும்.

வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் அதிகாரத்தை அடுத்தே ‘தெரிந்து வினையாடல்’ என்பதை வைத்தார். நாமோ விசாரியாமல் ஒருவரை அமர்த்திவிட்டுப் பின்னர் அவருடைய ஒவ்வொரு செயலிலும் குற்றம் தேடுகிறோம்.

செய்யத்தக்கது யாது? கடமை, சம்பளம், பதவிக்காலம் ஆகியவற்றை எழுதித் தமிழிலும் சிங்களத்திலும் விளம்பரம் செய்க. நேர்முகப் பரீட்சை நடத்துவோருள் ஒருவரேனும் சங்கத்துக்குப் புறம்பானவராய் இருக்கட்டும். உறவினர் விண்ணப்பித்திருந்தால் அவ்வுறுப்பினர் விலகிக்கொள்க. இரு மொழியும் பேசவும், கணக்கெழுதவும், மகளை மைதானத்துக்கு அனுப்பத் தயங்கும் தோட்டத்துத் தாயிடம் பொறுமையுடன் எடுத்துரைக்கவும் வல்லவரே நமக்கு வேண்டியவர். அவரிடம் பொறுப்பை ஒப்புவித்தபின், எந்தப் பையனை அணியிற் சேர்ப்பது என்று தலைவர் கட்டளையிடலாகாது. அவரும் மூன்று மாதத்துக்கொருமுறை வரவு செலவைப் பலர் காண வைத்தல் வேண்டும். கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் வாரியத் தெரிவுக்குத் தகுதியற்றோர் என விலக்கியது பத்தாம் நூற்றாண்டின் உத்தரமேரூர்க் கல்வெட்டு. இது நமக்குப் புதிய நெறியன்று.

“பணம் பெற்றுச் செய்வது தொண்டாகுமா?” எனச் சிலர் வினவுவர். நமக்குக் கற்பித்த ஆசிரியரும் சம்பளம் பெற்றவரே. அவர் ஆற்றியதைத் தொண்டன்று என்று கூற எவர் நா எழும்? கிண்ணங்களுக்கும் பாராட்டு விழாக்களுக்கும் நாம் வழங்கும் நன்கொடையில் ஒரு பகுதியை முதல் இரண்டு ஆண்டுச் சம்பளத்துக்கு ஒதுக்கினால், கிண்ணத்தை வெல்லத்தக்க பிள்ளைகள் உருவாவர்.

இறுதியாக ஒன்று. நம் கல்லூரியிற் பயின்றவர் என்பது அப்பதவிக்குத் தடையன்று, தகுதியும் அன்று. இதனை ஏற்கும் மனம் நம்மிடம் உண்டாயின், அதுவே யூபிலி ஆண்டில் நாம் ஊருக்கு அளிக்கும் நன்கொடையாகும்.